கதவைத் திறப்பவனின் பொறுப்பு

இரக்கம் நற்குணங்களுள் தலையாயது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும், இரக்கம் என்பது ஒருவர்மீது விழுகின்ற பார்வை. ஒருவரை உற்று நோக்கும் கண் அவ்வேளையில் மற்றவரைக் காண்பதில்லை. நாம் நேசிக்கின்ற ஒருவர் பிறருக்குத் தீங்கிழைத்தால், அத்தீங்குக்கு ஆளானவரை நம் இரக்கம் எட்டிப் பார்க்குமா? அல்லது, நமக்கு வேண்டியவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளுமா?

நெடுங்காலமாக என் உள்ளத்தில் இருந்த இந்தக் கேள்வியை எதிர்பாராத இடத்திலிருந்து வந்து உசுப்பியது ஒரு திரைப்படம். சுவீடன் நாட்டில் 2008-ஆம் ஆண்டு வெளியான அப்படத்தின் பெயரைத் தமிழில் ‘தகுந்தவரை உள்ளே விடு’ எனச் சொல்லலாம். யோன் அய்விதே லிண்ட்குவிஸ்ட் 2004-இல் எழுதிய புதினத்துக்கு அவரே திரைக்கதை அமைக்க, தோமாஸ் ஆல்ஃப்ரெட்சன் இயக்கினார். அது ஓர் இரத்தக் காட்டேரியின் கதை. காட்டேரிக் கதையிலா அறநெறி ஆராய்ச்சி என்று வாசகர் முகம் சுளிக்கக்கூடும். நானும் அப்படிச் சுளித்தவனே. படம் முடிந்து விளக்கெரிந்தபோதுதான், என்னையே நான் விசாரித்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருப்பதை உணர்ந்தேன்.

அழைப்பு என்னும் விதி

காட்டேரிக் கதைகளுக்கு மேலைநாட்டில் நீண்ட மரபுண்டு. அயர்லாந்து எழுத்தாளர் பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட ‘டிராகுலா’ அம்மரபுக்கு நிலையான உருவம் தந்தது. 1922-இல் ஜெர்மானிய இயக்குநர் முர்னாவ் அதை ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஊமைப்படமாக்கினார். 1931-இல் பேலா லுகோசியும், 1958-இல் கிறிஸ்டோபர் லீயும் கறுப்பு அங்கி அணிந்த அந்தப் பிரபுவைத் திரையில் நிலைநிறுத்தினர். பாழடைந்த கோட்டை, ஓநாயின் ஊளை, நெஞ்சை உலுக்கும் இசை எனப் பார்ப்பவனை அச்சுறுத்த எத்தனையோ கருவிகள் அப்படங்களில் இருந்தன.

அம்மரபில் ஒரு விந்தையான விதியும் உண்டு. வீட்டிலிருப்பவர் ஒருவர் அழைத்தாலன்றிக் காட்டேரி அவ்வீட்டினுள் முதன்முறை நுழைய முடியாது. ஸ்டோக்கரின் நூலிலேயே இவ்விதி சொல்லப்பட்டிருக்கிறது. தீமைக்கு வலிமை எவ்வளவு இருந்தாலும் வாசற்படியைத் தாண்ட அதற்கு நம் சம்மதம் வேண்டும் என்பது எவ்வளவு ஆழ்ந்த எண்ணம்! பிற படங்கள் கதையின் ஒரு சிறு வசதியாகப் பயன்படுத்திய இவ்விதியைச் சுவீடன் படம் தன் தலைப்பாகவே ஏற்றுக்கொண்டது. உள்ளே வருபவர் யார் என்பதோடு, கதவைத் திறப்பவன் எதற்குப் பொறுப்பாளி என்பதையும் அது கேட்கிறது.

மக்களின் இல்லத்தில் ஒரு தனிப்பிள்ளை

கதை நிகழுமிடம் ஸ்டாக்ஹோம் நகரின் மேற்கே உள்ள பிளாக்கேபெரி என்ற புறநகர். கதாசிரியர் வளர்ந்த ஊரும் அதுவே. காலம், 1980-களின் தொடக்கம். பாழடைந்த கோட்டைகளோ பழங்கல்லறைகளோ அங்கில்லை. 1950-களில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகள், பாதாள இரயில் நிலையம், பள்ளிக்கூடம், பனிமூடிய முற்றம், அவ்வளவுதான்.

அக்குடியிருப்புகளுக்குப் பின்னால் ஒரு பெருங்கனவு இருந்தது. 1928-ஆம் ஆண்டு சுவீடன் நாடாளுமன்றத்தில் பேசிய பேர் ஆல்பின் ஹான்சன், நாடு என்பது மக்களின் இல்லமாக விளங்க வேண்டும் என்றார். நல்ல இல்லத்தில் செல்லப்பிள்ளையும் இல்லை, மாற்றாந்தாய்ப் பிள்ளையும் இல்லை என்பது அவர் கருத்து. பின்னர் அவரே பிரதமரானார். கனவின் பெரும்பகுதி நனவாயிற்று. பெற்றோர் உட்பட எவரும் குழந்தையை அடிக்கலாகாது என உலகிலேயே முதன்முதலாக 1979-இல் சட்டம் செய்த நாடும் சுவீடன்தான்.

அந்த இல்லத்தில் பன்னிரண்டு வயது ஆஸ்கர் வாழ்கிறான். பெற்றோர் பிரிந்துவிட்டனர். தாய் வேலைக்குச் செல்பவள். தந்தை தொலைவில் நாட்டுப்புறத்தில் இருக்கிறார். பள்ளியில் கோன்னி என்பவனும் அவன் தோழர்களும் ஆஸ்கரை நாள்தோறும் வதைக்கின்றனர். ஒருநாள் நீண்ட குச்சியால் விளாசுகின்றனர், கன்னத்தில் காயம். தாய் கேட்கும்போது விழுந்துவிட்டதாகச் சொல்கிறான். பெரியவர்கள் அடிக்கக்கூடாதென்று சட்டம் செய்த நாட்டில், ஒரு பிள்ளை அடிவாங்குவதைக் காணும் பெரியவர் ஒருவருமில்லை. இரவில் அவன் கத்தியை எடுத்துச் சென்று மரத்தைக் குத்துகிறான். மரத்தின் இடத்தில் அவன் யாரைக் காண்கிறான் என்பது சொல்லாமலே விளங்கும்.

அப்படிக் குத்திக்கொண்டிருக்கும் ஓரிரவில்தான் பின்னால் வந்து நிற்கிறது ஏலி என்ற குழந்தை. அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தது. பனியில் மெல்லிய ஆடையோடு நிற்கிறது, குளிர் தெரியவில்லை. வயது கேட்டால், ஏறத்தாழப் பன்னிரண்டு என்கிறது. அந்தப் பன்னிரண்டில் நெடுங்காலமாக நின்றுவிட்டது என்பது பின்னர் தெரிகிறது. தான் பெண்பிள்ளை அன்று என்றும் ஏலி ஓரிடத்தில் கூறும். குழந்தையை அஃறிணை முடிபால் சொல்வது நம் மொழியின் வழக்கு. ஆணா பெண்ணா, மனிதப் பிறவியா வேறா என்று திட்டமாகச் சொல்ல முடியாத ஏலிக்கு அவ்வழக்கு பொருந்திவிடுகிறது.

இருவரும் நண்பராகின்றனர். வண்ணங்களைத் திருகிச் சேர்க்கும் ரூபிக் கனசதுரத்தை ஆஸ்கர் இரவல் தருகிறான். இரு வீட்டுக்கும் இடையிலுள்ள சுவரில் தட்டிப் பேசுவதற்கு மோர்ஸ் தந்திக் குறிகளைக் கற்றுத் தருகிறான். அவன் நீட்டிய மிட்டாயை, அவன் மனம் நோகக்கூடாதென்று தின்றுவிட்டு, ஓரமாகச் சென்று வாந்தியெடுக்கிறது ஏலி. ஓடிச்சென்று அணைத்துக்கொள்கிறான் ஆஸ்கர். காட்டேரிப் படம் என்பதையே மறக்கச் செய்யும் காட்சி அது.

அடக்கத்தின் பயன்

இப்படத்தின் பெருஞ்சிறப்பு அதன் அடக்கம். ஒளிப்பதிவாளர் ஹொய்தெ வான் ஹொய்தெமா பல கொடுமைகளை எட்ட நின்று காட்டுகிறார். யோஹான் சோடர்குவிஸ்டின் இசை அச்சுறுத்துவதைவிட இரங்குவதையே பெரிதும் மேற்கொள்கிறது. மூச்சின் ஒலியும், பனியில் மிதிபடும் காலடியும், விழுங்கும் தொண்டையின் ஓசையும்கூட நம் காதுக்கு அருகில் கேட்கின்றன. ஏலியாகத் தோன்றிய லினா லேயாண்டர்சனின் குரலுக்குப் பதிலாக எலிஃப் ஜெய்லான் என்பவரின் தாழ்ந்த குரல் சேர்க்கப்பட்டுள்ளது. சிறுமுகத்திலிருந்து முதிர்ந்த குரல் வருகிறது. வயதின் பாரம் வசனமின்றியே புலப்படுகிறது.

இந்த அடக்கத்தை வெறும் அழகு என்று பாராட்டி நிறுத்திக்கொள்வோர் படத்தின் பாதியைத்தான் கண்டவர்கள். இசை முழங்கி, கோரப்பல் தெரிந்து, கண் சிவந்தால் ‘இது தீயது’ என்று நம் உள்ளம் தானாகவே தீர்ப்புச் சொல்லிவிடும். நாம் சிந்திக்க வேண்டியதில்லை. ஆல்ஃப்ரெட்சன் அந்த அடையாளங்களையெல்லாம் எடுத்துவிட்டார். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. அப்பொறுப்பை நாம் எவ்வாறு தட்டிக்கழிக்கிறோம் என்பதையும் படம் நமக்கே காட்டிக்கொடுக்கிறது.

யோக்கே என்பவனின் சாவை எடுத்துக்கொள்வோம். உணவுவிடுதியில் நண்பர்களோடு குடித்துவிட்டு இரவில் வீடு திரும்பும் எளிய மனிதன். பாலத்தடியில் ஒரு குழந்தை உதவி கேட்டு முனகுகிறது. ஐயோ பாவம் என்று குனிந்து அதைத் தூக்கிக்கொள்கிறான். மறுகணம் அவன் கழுத்தைக் கவ்வுகிறது ஏலி. அவன் செய்த குற்றம் இரக்கம் காட்டியது மட்டுமே. குடியிருப்பிலிருந்த ஒருவர் எட்ட நின்று பார்ப்பதுபோல நாமும் இதைத் தொலைவிலிருந்தே பார்க்கிறோம். அடுத்த காட்சியில் ஆஸ்கர் வந்ததும் யோக்கேயை மறந்துவிடுகிறோம். அவனுக்காக அழ லாக்கே என்ற ஏழை நண்பன் ஒருவனே இருக்கிறான்.

நிர்ப்பந்தம் மன்னிப்பாகுமா?

ஏலியின் உண்மை தெரிந்தபின், தான் யாரையும் கொல்வதில்லை என்று ஆஸ்கர் விலகி நிற்கிறான். ஏலியின் மறுமொழி கூர்மையானது. முடிந்தால் நீயும் கொல்வாய், பழிவாங்குவதற்காக. நானோ வேறு வழியின்றிக் கொல்கிறேன் என்பது அதன் சாரம். மரத்தைக் குத்தியவனிடம் பதிலில்லை. ஆசையால் கொல்ல நினைப்பவன் பெரிய குற்றவாளியா, பசியால் கொல்பவன் பெரிய குற்றவாளியா?

இக்கேள்வி கற்பனை உலகத்தோடு நின்றுவிடவில்லை. 1884-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட ‘மிக்னொனெட்’ என்ற சிறு கப்பல் நடுக்கடலில் மூழ்கியது. நால்வர் படகில் தப்பினர். போதிய உணவும் நீரும் இன்றி ஏறத்தாழ மூன்று வாரம் தவித்தபின், கப்பல் தலைவர் டட்லியும் துணைவர் ஸ்டீவன்சும் உடன்பட்டு, நோயுற்றுக் கிடந்த ரிச்சர்ட் பார்க்கர் என்ற பதினேழு வயதுப் பணிப்பையனைக் கொன்றனர். அவன் உதிரத்தாலும் ஊனாலும் மற்ற மூவரும் உயிர் பிழைத்தனர். சில நாளில் ஒரு கப்பல் அவர்களைக் காப்பாற்றியது. ஊர் திரும்பியவர்கள் நடந்ததை மறைக்கவில்லை. மக்களின் அனுதாபமும் அவர்கள் பக்கமே இருந்தது. ஆனால், தன்னுயிர் காக்கும் நிர்ப்பந்தம் குற்றமற்ற ஒருவனைக் கொல்வதை நியாயமாக்காது என்று நீதிமன்றம் கூறி மரணதண்டனை விதித்தது. பின்னர் அது ஆறுமாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது.

அத்தீர்ப்பும் அந்தக் குறைப்பும் சேர்ந்துதான் உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. செயல் குற்றம், செய்தவரோ இரங்கத்தக்கவர். பசியால் சாகும் நிலையில் விலக்கப்பட்ட உணவை உண்ண இடமளித்த இஸ்லாமியச் சட்ட அறிஞர்களும் பிறனுடைய உயிரை எடுக்க இடமளிக்கவில்லை. என் உயிரும் அவன் உயிரும் ஒரே எடையுள்ளவை. என் பசி தராசின் முள்ளைச் சாய்த்துவிட முடியாது.

அப்படியானால் ஏலி செய்திருக்க வேண்டியது என்ன? படமே இதற்கு ஒரு விடையை ஓர் ஓரத்தில் வைத்திருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை.

ஒரு சாளரத்திரை

லாக்கேயின் தோழி வெர்ஜினியா. ஓரிரவு ஏலி அவளைக் கவ்விக் கடிக்கும்போது லாக்கே குறுக்கே வந்து காப்பாற்றிவிடுகிறான். அதனாலேயே அவள் சாகாமல், ஏலியைப் போல மாறத் தொடங்குகிறாள். பகலொளி அவள் உடலைச் சுடுகிறது; பூனைகள் அவளைக் கண்டு வெறிகொள்கின்றன. தனக்கு நேர்ந்தது என்னவென்று அறிந்ததும் அவள் ஒரு முடிவுக்கு வருகிறாள். மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி, சாளரத்திரையை விலக்குமாறு கேட்கிறாள். திரை விலகுகிறது. வெயில் உள்ளே விழுகிறது. கட்டில் தீயாய் எரிகிறது.

ஏலி இரவை உள்ளே அழைத்து வாழ்கிறது. வெர்ஜினியா பகலை உள்ளே அழைத்து மடிகிறாள். பிறர் குருதியில் வாழ்வதா, வாழாதிருப்பதா என்ற நிலையில் அவள் இரண்டாவதைத் தேர்ந்தாள். படத்தின் அறவுணர்வு ஒருவரிடம் முழுமையாகக் குடிகொண்டிருக்குமானால், அது வயது கடந்த, குடித்துத் திரியும், ஊரில் மதிப்பற்ற இந்தப் பெண்ணிடம்தான். வேறு வழியில்லை என்ற ஏலியின் சொல்லுக்கு அவள் செயலே மறுப்பு.

இருப்பினும் வெர்ஜினியா முதிர்ந்தவள், வாழ்ந்து பார்த்தவள். ஏலியோ பன்னிரண்டு வயதில் உறைந்துபோன பிள்ளை. தன்னைத் தானே அழித்துக்கொள் என்று ஒரு குழந்தையிடம் சொல்ல எந்த நாவுக்குத் துணிவு வரும்? எனக்கு வராது. ஏலியின் மேலுள்ள குற்றத்தைக் குறைக்க நான் ஒப்புகிறேன். ஆனால் இல்லையென்று சொல்ல ஒப்பமாட்டேன். இறந்தவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அது.

அன்பின் பெயரால்

ஏலியைவிடக் கடுமையாக நம் விசாரணைக்கு உரியவன் ஹோகன். ஏலியோடு குடிவந்த முதியவன். ஊரார் கண்ணுக்குத் தந்தை போன்றவன். ஏலிக்காக மனிதரைக் கொன்று, குருதியைக் கலத்தில் பிடித்துவருவது அவன் வேலை. அவனுக்கு அந்தப் பசி இல்லை. அவன் கொலைகளுக்கு நிர்ப்பந்தமும் இல்லை. அன்பு ஒன்றே காரணம். கடைசியாக வெளியே செல்லுமுன், இன்றிரவு அந்தப் பையனைப் பார்க்க வேண்டாம் என்று கெஞ்சுகிறான். அகப்பட்டுக்கொண்டதும், அடையாளம் தெரியாதிருக்கத் தன் முகத்தில் அமிலத்தை ஊற்றிக்கொள்கிறான். மருத்துவமனைச் சாளரத்தில் வந்து நிற்கும் ஏலிக்குத் தன் கழுத்தையே நீட்டுகிறான்.

என்ன தியாகம் என்று ஒரு கணம் உள்ளம் உருகும். ஆனால் அவன் தன் கழுத்தை நீட்டியது கடைசியில். அதற்குமுன் நீட்டியதெல்லாம் பிறர் கழுத்து. பிறர் உயிரைக் காணிக்கையாக்கும் அன்பைத் தியாகமென்று சொன்னால் அச்சொல்லுக்கே பொருளில்லாமற்போகும். தன் பிள்ளைக்காக, தன் தலைவனுக்காக, தன் கூட்டத்துக்காக என்று சொல்லிக்கொண்டு உலகில் நடந்த கொடுமைகள் எத்தனை! அவற்றைச் செய்தவர் பலர் அன்பில்லாதவர் அல்லர். அன்பை ஒருவர்மேல் மட்டும் கொட்டிவிட்டு, மற்றவரை வெறும் கலங்களாகக் கண்டவர்கள்.

ஹோகனும் ஒருகாலத்தில் ஓர் ஆஸ்கராகவே இருந்தானோ என்ற ஐயம் படம் பார்ப்போர் பலருக்கும் எழுகிறது. படம் அதைச் சொல்வதில்லை, மறுப்பதுமில்லை.

வாசற்படியில்

தலைப்புக்கு உரிய காட்சி ஒன்றுண்டு. ஏலி ஆஸ்கரின் வீட்டு வாசலில் நின்று, உள்ளே வரச் சொல் என்கிறது. ஆஸ்கருக்கு அன்று மனத்தாங்கல். அழைக்காமல் வந்தால் என்ன ஆகும், தடுப்பதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று ஏளனமாகக் கையசைக்கிறான். ஏலி ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து நிற்கிறது. உடல் நடுங்குகிறது. கண்ணிலும் காதிலும் தோலிலும் குருதி கசிகிறது. பதறிப்போய், வரலாம், நீ வரலாம் என்று கத்தியபடி அணைத்துக்கொள்கிறான்.

அழைக்கப்படாமல் ஒருவர் வாழ்வில் நுழைவது நுழைபவரையே கொல்லும் என்பதை இதைவிட எளிமையாகக் காட்ட முடியாது. யோக்கேயின் கழுத்தைக் கேளாமல் கவ்விய அதே ஏலி, அன்பின் வாசலில் அனுமதிக்குக் காத்து நிற்கிறது. ஆஸ்கர் அழைத்ததும் இயல்பே. மக்களின் இல்லத்தில் அவன் வலியைக் கேட்டு, திருப்பி அடி, நான் துணையிருக்கிறேன் என்று சொன்ன ஒரே உயிர் ஏலி. தகுந்தவர் எவரும் வந்து தட்டாத கதவு, தட்டிய முதல் கைக்குத் திறந்துகொள்கிறது. அப்பிள்ளையைக் குறை சொல்லுமுன், அவன் கன்னத்துக் காயத்தைப் பார்த்தும் பாராதிருந்தவர்கள் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் அழைத்தபின் அவனுக்கும் பொறுப்பு வந்துவிடுகிறது. நண்பனின் சாவுக்கு நியாயம் தேடி வந்த லாக்கே, குளியலறையில் உறங்கும் ஏலியைக் கண்டுபிடிக்கிறான். ஆஸ்கர் கூவித் தடுக்க, விழித்த ஏலி லாக்கேயின்மேல் பாய்கிறது. ஆஸ்கர் என்ன செய்கிறான்? குளியலறைக் கதவை மெல்லச் சாத்துகிறான். திறந்த கை மூடவும் கற்றுக்கொண்டது. படத்தில் எனக்கு மிகுந்த அச்சம் தந்தது அந்தக் கதவின் சிறு ஓசைதான்.

நீருக்கடியில்

இறுதியில் நீச்சல்குளம். கோன்னியின் அண்ணன் கத்தியோடு வந்து, மூன்று நிமிடம் நீருக்குள் மூச்சடக்கு, இல்லையேல் ஒரு கண் போகும் என்று ஆஸ்கரின் தலையைப் பிடித்து அமுக்குகிறான். நாமும் அவனோடு நீருக்கடியில் இருக்கிறோம். மேலே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. மங்கலாய்க் கூக்குரல். இரு கால்கள் நீரில் இழுபட்டுச் செல்கின்றன. ஒரு தலை விழுகிறது. அமுக்கிய கை உடலின்றி மிதக்கிறது. ஆஸ்கர் மேலெழுந்து கண் திறக்கும்போது எதிரே ஏலியின் கண்கள்.

அக்கணத்தில் நான் மகிழ்ந்தேன். மறைப்பதில் பயனில்லை. என்னோடு பார்த்த எவரும் மகிழாதிருந்ததாகத் தெரியவில்லை. பிறகு படம் சற்றுப் பின்னே சென்று குளத்தின் கரையைக் காட்டுகிறது. அங்கே சிதறிக் கிடப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள். உயிரோடு விடப்பட்ட ஒரு சிறுவன் பலகையில் குந்தித் தேம்பிக்கொண்டிருக்கிறான். அவனுடைய தேம்பலும் என்னுடைய மகிழ்ச்சியும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தன.

இயக்குநர் கேமராவை நீருக்கடியில் வைத்ததன் பொருள் அப்போது விளங்கியது. நமக்கு வேண்டியவனோடு மூழ்கியிருக்கும்போது மேலே நடப்பது நமக்குக் கேட்பதில்லை. பார்வையில் படாத கொலையை நாம் எளிதில் ஏற்றுக்கொள்கிறோம். கொடுமைக்குச் சம்மதிக்கக் கொடியவனாக இருக்க வேண்டுவதில்லை. ஒருவனை மட்டும் நேசித்தால் போதும்.

கடைசிக் காட்சியில் பகற்பொழுது. இரயில் ஓடுகிறது. ஆஸ்கர் தனியே அமர்ந்திருக்கிறான். பக்கத்தில் ஒரு பெரிய பெட்டி. உள்ளிருந்து மோர்ஸ் குறியில் தட்டும் ஓசை. அவனும் புன்னகையோடு தட்டுகிறான். மகிழ்ச்சியான முடிவு என்பார் சிலர். அடுத்த ஹோகன் புறப்பட்டுவிட்டான் என்பார் சிலர். இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்பதே நம்மை வதைக்கிறது.

இரக்கத்தை நாம் கைவிட முடியாது. கைவிட்டால் பிளாக்கேபெரியின் பெரியவர்களைப் போல் ஆவோம். ஆனால் இரக்கத்துக்கு இரு கண்கள் வேண்டும். ஒரு கண் நாம் அணைத்துக்கொண்டவரைப் பார்க்கட்டும். மற்றது, சாத்திய கதவுக்கு அப்பால் கிடப்பவரைப் பார்க்கட்டும். ஏலிக்காக நான் இரங்குகிறேன். அதே நெஞ்சில், ஒரு குழந்தையின் முனகல் கேட்டு இருட்டில் குனிந்த யோக்கேக்கும் இடம் வைத்திருக்கிறேன். இருவரும் ஒரே வீட்டில் அமைதியாகக் குடியிருக்கப் போவதில்லை. அந்த அமைதியின்மையோடு வாழ்வதுதான், கதவைத் திறப்பவன் ஏற்க வேண்டிய பொறுப்பு என்று எண்ணுகிறேன்.